ஓரத்துக்காரரின் பிறப்புச் சான்றிதழ்

தன் சான்றிதழைத் தானே மொழிபெயர்த்து, அது சரி என்று தானே முத்திரை குத்திக்கொள்ள எந்த மொழிபெயர்ப்பாளருக்கும் உரிமை கிடையாது. நியாயமான விதிதான். ஆனால் நியாயமான விதிகள் எவ்வளவு எரிச்சல் பிடித்தவை என்பது அவை நம் தலையில் வந்து விடியும்போதுதான் தெரியும். ஐம்பத்திரண்டு வயதில் கல்யாணம் செய்துகொள்ளப் புறப்பட்ட ஓரத்துக்காரருக்கு அது அப்போதுதான் தெரிந்தது.

ஓரத்துக்காரர் என்பது நீதிமன்ற குமாஸ்தாக்கள் வைத்த பெயர். பிரெஞ்சிலிருந்து போர்த்துகீசியத்துக்கும் அங்கிருந்து இங்குமாகச் சட்டக் காகிதங்களை மொழிபெயர்க்க நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்தவர்கள் அந்த நகரத்தில் இரண்டே பேர். இவர் ஒருவர். காகிதத்தின் நடுவில் இருப்பதை யார் வேண்டுமானாலும் பெயர்ப்பார்கள். இவர் ஓரத்தையும் விடமாட்டார். முத்திரை, முத்திரைக்குள் இருக்கும் தேதி, மடிப்பில் தேய்ந்துபோன எழுத்து, யாரோ பென்சிலால் போட்ட டிக், எல்லாம் உண்டு. ஒரு வீட்டுப் பத்திரத்தின் மூலையில் இருந்த காப்பிக் கறையைக்கூட விடாமல், ‘இங்கே பழுப்பு நிறத்தில் வட்டமான கறை ஒன்று உள்ளது, எழுத்து அல்ல’ என்று எழுதிக் கொடுத்தார். நீதிபதி அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, காப்பியில் சர்க்கரை போட்டிருந்ததா என்று விசாரித்ததாகக் கேள்வி.

வேலை லேசுப்பட்டதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு மொழியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அக்கா தங்கை ஜாடை அப்படியே தெரியும். அந்த ஜாடையை நம்பி ஏமாந்தவர்கள் அநேகம். அக்கா வீட்டு நடைமுறை வேறு, தங்கை வீட்டு நடைமுறை வேறு. போர்த்துகீசியக்காரர்களுக்கு அம்மா வழிப் பெயர், அப்பா வழிப் பெயர் என்று ஒருவர் பெயரே ஒரு வரி நீளம் ஓடும். பிரெஞ்சுப் படிவத்தில் குடும்பப் பெயருக்கு இருப்பது ஒரே ஒரு கட்டம். பிரெஞ்சு அலுவலகங்களில் கல்யாணத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் கொடுத்தால், அது எடுத்து மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு தடவைதானே பிறந்தேன், அதுவென்ன கெட்டுப்போகிற சாமானா என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். பிறந்தது கெடாது, அதன் ஓரம்தான் மாறிக்கொண்டே இருக்கும் என்பார் ஓரத்துக்காரர். பிரெஞ்சுப் பிறப்புப் பதிவில் ஒரு மனிதனின் கல்யாணம், விவாகரத்து எல்லாம் ஓரத்தில்தான் ஏறும். அதைப் படித்தால் ஆளைப் படித்த மாதிரி என்று இலவசமாக ஓர் உபதேசமும் சேர்த்துத் தருவார்.

உறுதிமொழி எடுத்த இன்னொருவர் முத்திரையம்மா. ஒரு பக்கத்துக்கு ஒரு முத்திரை போதும் என்றிருக்க மூன்று குத்துவதால் வந்த பெயர். பூட்டுக்கடைக்கு மேலே, மாடியில் அவருடைய அலுவலகம். இருவருக்கும் பதினோரு வருடப் பகை. ஒரு வழக்கில் அந்த அம்மாள் உபயோகமில்லாத ஓரக் குறிப்பு ஒன்றை விட்டுவிட்டு, புரியாத இடத்தில் அடிக்குறிப்பாக ஒரு விளக்கமும் போட்டிருந்தார். ஓரத்துக்காரருக்குப் பொறுக்கவில்லை. நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். காகிதத்தில் இருப்பது எதையும் விடக்கூடாது; இல்லாதது எதையும் சேர்க்கக்கூடாது; விளக்கம் சொல்வது வக்கீலின் வேலை, மொழிபெயர்ப்பாளரின் வேலையல்ல. நீதிமன்றம் அந்த அம்மாளை மறுபடி செய்து தரச் சொன்னதோடு நிற்காமல், கடிதத்தை நகலெடுத்து எல்லா மொழி மொழிபெயர்ப்பாளர்களுக்கும் வழிகாட்டி என்று அனுப்பிவைத்தது. அன்றிலிருந்து நீதிமன்றப் படிக்கட்டில் எதிரெதிரே வந்தால் இருவரும் தலையை மட்டும் அசைப்பார்கள். அதுவும் யார் முதலில் அசைப்பது என்பதில் போட்டி.

இப்போது ஓரத்துக்காரரின் பிறப்புச் சான்றிதழ் பிரெஞ்சில் இருந்தது. கல்யாணம் போர்த்துகீசியப் பதிவாளர் முன்னால் நடக்க வேண்டும் என்று போர்த்துகீசியக்காரியான பெண் ஆசைப்பட்டாள். முத்திரையம்மாவை விட்டால் வேறு நாதியில்லை.

பெண் என்றால் இளம்பெண் இல்லை, நாற்பத்தேழு வயது. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். முத்திரைக்குள் இருக்கும் பொடி எழுத்து கலங்கலாகத் தெரிகிறது என்று ஓரத்துக்காரர் இரண்டு வருடத்துக்கு முன் அங்கே போனார். கண்ணாடி சரியாகத்தான் அமைந்தது. ஆனாலும் மூக்கில் அழுத்துகிறது, காதில் இடிக்கிறது, இடது பக்கம் சாய்கிறது என்று அந்த வருடத்தில் மட்டும் ஒன்பது தடவை போய் நின்றார். ஒன்பதாவது தடவை அவள், இனி சரிசெய்ய வேண்டியது கண்ணாடி இல்லை, மூக்குதான் என்றாள். அவர் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எந்த வசவையும் வாங்கிக்கொண்டதில்லை.

அவளுடைய அக்காவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஐம்பத்திரண்டு வயது வரை ஓர் ஆண்பிள்ளை சும்மாவா இருந்திருப்பான், நன்றாக விசாரித்தாயா என்று தங்கையைக் குடைந்துகொண்டே இருந்தாள். அவர் ஒளிக்கவும் இல்லை. முன்பு ஒருத்தியோடு சேர்ந்து இருந்தேன், அது முடிந்துபோய் எட்டு வருடமாகிறது என்று ஆரம்பத்திலேயே தங்கையிடம் சொல்லிவிட்டிருந்தார். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அக்காவும் தங்கையுமாகப் போய் எல்லாக் காகிதங்களையும் பதிவாளரிடம் கொடுப்பது என்று ஏற்பாடு.

ஓரத்துக்காரர் சான்றிதழுக்கு எழுதிப்போட்டபோது, அதை நேரே முத்திரையம்மாவின் விலாசத்துக்கே அனுப்பச் சொன்னார். மாப்பிள்ளை கை பட்ட காகிதம் என்று நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதாம். கூடவே, எதை எப்படிப் பெயர்க்க வேண்டும் என்று மூன்று பக்கத்துக்குக் குறிப்பெழுதி அந்த அம்மாளுக்கு அனுப்பினார். முப்பது வருடமாக அதே வேலையைச் செய்கிற ஒருத்திக்கு.

திங்கட்கிழமை காலை முத்திரையம்மாவிடமிருந்து போன் வந்தது. கொஞ்சம் வந்துவிட்டுப் போகச் சொன்னார். எங்கேயோ தப்பு விட்டிருப்பார், தன்னிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளக் கூப்பிடுகிறார் என்ற நினைப்பில் ஓரத்துக்காரர் இரண்டிரண்டு படியாக ஏறிப் போனார். கீழே பூட்டுக்கடையில் யாரோ சாவிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே மேஜையில் மூன்று முத்திரையும் வரிசையாக நின்றன. முத்திரையம்மா நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அந்த மரியாதையிலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

“சார், உங்க ஓரத்தை நீங்க கடைசியா எப்போ படிச்சீங்க?”

அவர் யோசித்துப் பார்த்தார். ஊரில் இருக்கிறவர்கள் ஓரத்தையெல்லாம் படித்தவர், தன்னுடையதைப் படித்ததே இல்லை. முத்திரையம்மா காகிதத்தை அவர் பக்கம் திருப்பி, ஓரத்தில் விரலை வைத்தார். பதினான்கு வருடத்துக்கு முந்தைய தேதி. இன்னாருடன் துணைவாழ்வு ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டது என்று ஒரு வரி. அதன் கீழே, அது முடிந்தது என்று ஒரு வரி இருக்க வேண்டும். அந்த இடம் வெறுமையாக இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வெறுமையாகவேதான் இருந்தது.

இந்த ஒப்பந்தம் இன்னதென்று சொல்லிவிட்டால் கதை தெளிவாகிவிடும். பிரெஞ்சுச் சட்டத்தில், சேர்ந்து வாழ்கிற இருவர் கல்யாணம் கட்டிக்கொள்ளாமலே, சேர்ந்து வாழ்கிறோம் என்று ஒப்பந்தமாக எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம். கல்யாணமும் அல்ல, வெறுமனே ஒரே வீட்டில் இருப்பதும் அல்ல. பிரிந்தால் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். கடிதமே கொடுக்காவிட்டாலும், இருவரில் ஒருவர் வேறொருவரைக் கல்யாணம் செய்துகொண்டால் ஒப்பந்தம் அன்றைக்குத் தானாகவே முடிந்துவிடும். ஓரத்துக்காரர் அப்படி ஆறு வருடம் வாழ்ந்தது ஒரு நீச்சல் பயிற்சியாளரோடு. சண்டை சச்சரவில்லாமல் பிரிந்தார்கள். இருவரும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அவள் அனுப்பிவிடுவாள் என்று அவர் நினைத்தார். காகித விஷயத்தில் இவ்வளவு கறாரான மனுஷன், அவரே அனுப்பிவிடுவார் என்று அவள் நினைத்தாள். கடிதம் சமையலறை மேஜையிலேயே கிடந்து எந்தக் குப்பையோடு போயிற்றோ தெரியாது.

பிரெஞ்சுப் பதிவாளராக இருந்தால் இந்த வரியைப் பார்த்துவிட்டுக் கண்ணைக்கூடச் சிமிட்டமாட்டார். போர்த்துகீசியப் பதிவாளரின் சங்கதி வேறு. சேர்ந்து வாழ்கிறவர்களை அந்தச் சட்டமும் மதிக்கிறது. ஆனால் அவர்களைப் பிறப்புப் பதிவின் ஓரத்தில் ஏற்றுகிற பழக்கம் அங்கே இல்லை. அங்கே ஒருவனுடைய பிறப்புப் பதிவில் ஒரு பெண் பெயர் பின்னால் வந்து ஏறியிருக்கிறது என்றால் அது பெண்டாட்டி பெயர். அந்த வரியை அப்படியே போர்த்துகீசியத்தில் போட்டால், பதிவாளர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இந்த ஆளுக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறதே என்பார். அதற்கு முன்னால், காகிதத்தைக் கொண்டுபோகிற இரண்டு பெண்கள் அதைப் படித்திருப்பார்கள்.

ஓரத்துக்காரர் பயந்துவிட்டார். பதிவாளரை நினைத்து அல்ல. அவளை இழந்துவிடுவோமோ என்ற பயம், சுத்தமான பயம். அந்த வரி உபயோகமில்லாத வரிதானே, கல்யாணத்தன்று எப்படியும் தானாகச் செத்துப்போகிற வரிதானே என்று பொதுவாகச் சொல்வதுபோல ஆரம்பித்தார்.

“ஓரத்தை விட்டுடலாமான்னு கேக்கறீங்களா சார்?”

அவர் அப்படிக் கேட்கவில்லை என்றார். சரி, அப்படியானால் கீழே சின்னதாக ஓர் அடிக்குறிப்பு, இது கல்யாணம் அல்ல என்று ஒரே ஒரு வரி மட்டும் என்று இழுத்தார். முத்திரையம்மா எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பழைய காகிதத்தை எடுத்து வந்தார். பதினோரு வருடத்துக்கு முந்தைய வழிகாட்டி. பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார்.

“இருக்கறதை விடவும் மாட்டேன், இல்லாததைச் சேர்க்கவும் மாட்டேன். ரெண்டும் நீங்க கத்துக் குடுத்தது.”

சொல்லிவிட்டு அந்த அம்மாள் சிரிக்கவில்லை என்பதையும் நியாயமாகப் பதிவு செய்ய வேண்டும். பதினோரு வருடம் காத்திருந்து கிடைத்த வாய்ப்பு. வேறொருத்தியாக இருந்தால் விழா எடுத்திருப்பாள். முத்திரையம்மாவோ குரலைத் தாழ்த்தி, மொழிபெயர்ப்பு தயாராகிவிட்டது, முத்திரையை மட்டும் வியாழக்கிழமை குத்துகிறேன் என்றார். அதற்குள் அந்தப் பெண்ணிடம் நீங்கள் போய்ச் சொல்லிவிடுங்கள், காகிதம் முந்திக்கொண்டு சொன்னால் நன்றாக இருக்காது என்றார். ஓரத்துக்காரர் நன்றி சொல்லிவிட்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் எப்படிச் சொல்வது என்று எழுதிப் பார்த்தார். எழுதியதை அடித்தார். நாலு வரைவு ஆயிற்று. நாலாவது வரைவில் மூன்று உட்பிரிவுகள் இருந்தன. புதன்கிழமை மத்தியானம் எல்லாவற்றையும் மேஜையிலேயே போட்டுவிட்டுக் கடைக்குப் போனார்.

கடையில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் சோதனைக் கண்ணாடிச் சட்டத்தை மாட்டிக்கொண்டு, எழுத்துப் பலகையைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் தட்டில் வில்லைகளைத் தேடிக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவேன் என்று இவரிடம் சொன்னாள். பத்து நிமிஷம் காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அங்கேயே, நின்றபடி, அவளுடைய பாஷையில் சொல்ல ஆரம்பித்தார்.

மோசமாகச் சொன்னார். இருபத்தைந்து வருட அனுபவம் எங்கே போயிற்றோ. கல்யாணமா என்று அவள் கேட்டதற்கு இல்லை என்றார். சும்மா சேர்ந்து இருந்ததா என்றதற்கு அதுவும் இல்லை என்றார். முடிந்துவிட்டதா என்றதற்கு, முடிந்துவிட்டது, ஆனால் முடியவில்லை என்றார். அவள் வில்லையைத் தட்டில் வைத்துவிட்டு, இரண்டும் இல்லாதது என்றால் அது என்னவென்று சொல்லுங்கள் என்றாள். விளக்கம் சொல்வது வக்கீலின் வேலை என்று ஊருக்கே எழுதிக் கொடுத்தவர், வியர்க்க வியர்க்க விளக்கினார். மேஜையில் கிடந்து காணாமல்போன கடிதம் வரைக்கும் வந்து, கடைசியில், கவலைப்பட ஒன்றுமில்லை, நம் கல்யாணம் நடந்த நிமிஷமே அது தானாக முறிந்துவிடும் என்று முடித்தார். அதுதான் நல்ல செய்தி என்று அவர் நினைத்தார்.

அவள் முகம் அந்த இடத்தில்தான் மாறியது.

“அப்போ அவங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு நாள் தபால்ல வருமா? இன்னாருக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, உங்களோடது முடிஞ்சுபோச்சுன்னு?”

ஆமாம், அறிவிப்பு அனுப்புவார்கள் என்றார். சட்டப்படி அது போதும் என்று சொல்ல வாயெடுத்து, நல்லவேளையாக மூடிக்கொண்டார்.

“ஆறு வருஷம் கூட இருந்தவங்க. எனக்கு அந்தப் பேப்பர் மேல கோபம் இல்லைங்க. நாளைக்கு எனக்கும் இப்படித்தான் தபால்ல வருமோன்னு இருக்கு.”

அவள் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த போனை நகர்த்தி அவர் முன்னால் வைத்தாள். பஸ் டிரைவர் தான் வேண்டுமானால் வெளியே நிற்கவா என்று கேட்டார். கண்ணில் அந்தச் சட்டத்தோடு தெருவில் இறங்கினால் விழுந்துவிடுவீர்கள், உட்காருங்கள் என்று அவள் சொல்லிவிட்டாள். டிரைவருக்கு எழுத்துப் பலகைதான் மங்கல். காது நன்றாகவே கேட்டது.

நீச்சல் பயிற்சியாளர் இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். பின்னால் தண்ணீர்ச் சத்தமும் குழந்தைகளின் கூச்சலும் கேட்டன. ஓரத்துக்காரர் விஷயத்தைச் சொன்னார். அவள், தனக்கு ஐந்து வருடமாகவே தெரியும் என்றாள். வேறு எதற்கோ தன் சான்றிதழை எடுத்தபோது அதன் ஓரத்தில் பார்த்தாளாம்.

“நீயும் பார்த்திருப்பேன்னு நினைச்சேன். பார்த்துட்டும் விட்டு வெச்சிருக்கே, ஏதோ சொல்ல வருவேன்னு கொஞ்ச நாள் காத்திருந்தேன். அப்புறம் மறந்துட்டேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் சாதாரணமாகச் சொன்னாள். தான் படிக்காமல் விட்ட ஒரு வரியைப் படித்துவிட்டு ஒருத்தி எங்கேயோ காத்திருந்தாள் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. மன்னித்துக்கொள் என்றார். அந்தச் சொல்லைப் பத்திரங்களில் எத்தனையோ தடவை பெயர்த்திருக்கிறார், அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. புதிதாகக் கடிதம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவது என்று பேசிக்கொண்டார்கள். அப்போது கண்ணாடிக்கடைக்காரி கையை நீட்டினாள்.

அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு கடை நடத்துவதற்கான பிரெஞ்சு. மேலே பாருங்கள், கீழே பாருங்கள், இப்போது தெளிவாக இருக்கிறதா, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு போனோடு உள்ளறைக்குப் போனவள் கால் மணி நேரம் பேசினாள். தான் இடையில் நிற்காமல் அந்த இரண்டு மொழிகளும் பேசிக்கொள்வதை ஓரத்துக்காரர் அதுவரை பார்த்ததில்லை. ஒரு தடவை சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்தது தன்னைப் பற்றித்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பஸ் டிரைவருக்கும் இல்லை. ஆறுதலாக அவர் பக்கம் திரும்பி தலையை ஒரு தடவை அசைத்தார்.

அவள் வெளியே வந்து போனை இருந்த இடத்தில் வைத்தாள்.

“கடிதம் போய்ச் சேரட்டும். முடிஞ்சதுன்னு எழுதின புதுக் காகிதம் வரட்டும். வெள்ளிக்கிழமை வேணாம், ஒரு மாசம் தள்ளிப்போனா போகட்டும்.”

அவர் தலையாட்டினார்.

“அவங்க ஒண்ணு சொன்னாங்க. நீங்க எதையும் வாயால சொல்ல மாட்டீங்களாம். பேப்பர்ல இருந்தா சொன்னதா நினைச்சுக்குவீங்களாம். எனக்கு அப்போதான் உறைச்சுது. என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியான்னு நீங்க கேட்டதே இல்ல, தெரியுமா? தேவைப்படும் ஆவணங்கள்னு ஒரு லிஸ்ட்டைக் கொண்டு வந்து குடுத்தீங்க.”

மறுக்கலாம் என்று நினைவைத் துழாவினார். உண்மைதான். பன்னிரண்டு ஆவணங்கள், தேதி வரிசையில். அதை அவள் படித்துவிட்டுச் சரி என்றதும் நிச்சயம் ஆகிவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார். முதல் தடவையாக அவருக்குத் தன்மேலேயே சிரிப்பு வந்தது. கூடவே கண்ணிலும் நீர் முட்டியது. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவள் கலங்கலாகத் தெரிந்தாள். அது ஒரு விதத்தில் வசதியாக இருந்தது.

அவர் கேட்டார். உட்பிரிவு இல்லாமல், ஐந்தே வார்த்தையில் கேட்டார். உன்னோடு இருக்க வேண்டும், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்பதுதான். குரல் உடைந்து, பாதி சொல் காற்றாக வந்தது. பஸ் டிரைவர் எழுத்துப் பலகையையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஓரத்துக்காரர் கையிலிருந்த கண்ணாடியை வாங்கி, துணியால் துடைத்து, தானே அவர் மூக்கில் மாட்டிவிட்டாள்.

“சரி” என்றாள். “அக்கா நாலு மணிக்கு வருவா. அவகிட்டயும் எல்லாத்தையும் நீங்களே சொல்லணும், வாயால. உக்காருங்க.”

அவர் பஸ் டிரைவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.